சின்ன ட்ரக்டருக்கு எந்த ரொட்டவேட்டர்? – வாசகர் கேள்வி பதில்

பெரும்போகத்துக்கு நிலம் ஆயத்தப்படுத்தும் காலம். அதனால் 18 முதல் 30 குதிரைவலு வரையான சின்ன ட்ரக்டர் வைத்திருப்பவர்களின் ரொட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கொழும்பில் குடியிருந்துகொண்டு புத்தளத்திலோ வன்னியிலோ காணி பார்ப்பவர்கள் எழுதியவைதான் அதிகம்.

கேள்வி: என்னிடம் 24 குதிரைவலு ட்ரக்டர் இருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கும். முந்தல் பக்கம் 5 ஏக்கர் தென்னங்காணியில் ஊடுபயிர் செய்யப் போகிறேன். கடைக்காரர் 5 அடி ரொட்டவேட்டரை எடுக்கச் சொல்கிறார். 4 அடிக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையாம். எதை எடுக்கட்டும்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: 4 அடி எடுங்கள்.

24 என்பது என்ஜினின் வலு. ரொட்டவேட்டரைச் சுழற்றுவது பின்னாலுள்ள பி.டி.ஓ. சாஃப்ட். அங்கே வந்து சேர்வது கியர் வண்டியென்றால் 20, 21 குதிரைவலு. மிதியை அழுத்தினால் ஓடும் ஹைட்ரோஸ்டற்றிக் வண்டியென்றால் அதைவிடவும் குறைவு. ஒரு அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. குதிரைவலு என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் வண்டிக்கு அது 4 அடியில் சரியாக முடிகிறது. முந்தல் மணலில் 5 அடியும் சுற்றத்தான் செய்யும், கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் புல் வேர் பின்னிய இடத்தில் என்ஜின் திணறும். திணறினால் ஓட்டுபவர் ரொட்டவேட்டரை மேலே தூக்கிக்கொண்டு ஓட்டுவார். ஐந்து அடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் கிளறிவிட்டு வருவது உழவு இல்லை.

அடுத்து பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து பாருங்கள். 4 அடி என்றால் 122 சென்ரிமீற்றர். டயர் அகலம் அதற்குள் அடங்கினால் ரொட்டவேட்டர் நடுவிலேயே இருக்கட்டும். 130, 135 என்று வந்தால், ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டக்கூடிய மாதிரியை எடுங்கள். வலப்பக்கம் தள்ளிப் பூட்டினால் வலது டயர் மிதித்த தடம் உழவில் அழிந்துவிடும். இடது தடத்தை அடுத்த ஓட்டத்தில் அழிக்கலாம். இந்த வசதியில்லாமல் குறுகலானதை வாங்கினால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னாலும் இறுகிய டயர்த் தடம் ஒன்று எஞ்சி நிற்கும்.

தென்னை 26 அடிக்கு 26 அடி நடப்பட்டிருந்தால் இரண்டு வரிசைக்கு இடையே ஏறக்குறைய 7.9 மீற்றர். மரத்தடியிலிருந்து 2 மீற்றர் தூரத்துக்குள் ரொட்டவேட்டரைக் கொண்டுபோகக் கூடாது. உரம் எடுக்கும் வேர்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. மிச்சம் 3.9 மீற்றர். 4 அடி ரொட்டவேட்டரில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற நான்கு ஓட்டம். 5 அடியிலும் மூன்று ஓட்டம் வேண்டும். மிச்சமாவது ஒரே ஒரு ஓட்டம்தான், அதற்காக வண்டியை வருத்துவது புத்தியல்ல.

பாரத்தையும் பாருங்கள். 4 அடி ரொட்டவேட்டர் கட்டமைப்பைப் பொறுத்து 200 முதல் 300 கிலோ வரை வரும். ட்ரக்டரின் விளக்கத்தாளில் தூக்கும் திறன் என்று போட்டிருப்பது சிலவேளை ரொட்டவேட்டரை மாட்டும் கீழ்க் கைகளின் நுனியில் அளந்தது. ரொட்டவேட்டரின் பாரமோ அதற்கும் பின்னால் தொங்குகிறது. அந்த நுனியிலிருந்து 610 மில்லிமீற்றர் பின்னால் எவ்வளவு தூக்கும் என்ற எண்ணைக் கேளுங்கள். தூக்கித் திரும்பும்போது ஸ்டியரிங் இலேசாகிப் போனால் முன்னால் பாரக்கட்டி போட்டே ஆகவேண்டும்.

கடையில் யாரும் கேட்காத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறோம். எங்களைக் கேட்டால் அகலத்தையும்விட அதுதான் முக்கியம்: உங்கள் வண்டியின் ஆகக் குறைந்த கியர் எவ்வளவு மெதுவாக நகரும்? தரையில் 10 மீற்றர் குறித்து, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று வரும் திறப்பில் (த்ரொட்டிலில்) என்ஜினை வைத்து, ஆகச் சிறிய கியரில் ஓட்டி நேரம் பாருங்கள். 18 செக்கன் எடுத்தால் மணிக்கு 2 கிலோமீற்றர், நல்லது. 9 செக்கனில் கடந்தால் 4 கிலோமீற்றர். அந்த வேகத்தில் எந்த ரொட்டவேட்டரும் மண்ணைத் தூளாக்காது, கட்டி கட்டியாகத்தான் புரட்டும். வேகத்தைக் குறைக்க என்ஜினைக் குறைத்தால் கத்தியும் சேர்ந்து மெதுவாகிவிடும், பலன் பூச்சியம். ஊர்ந்து செல்லும் கியர் உள்ள வண்டியோ ஹைட்ரோஸ்டற்றிக் வண்டியோ ரொட்டவேட்டருக்கு ஏற்றதாக இருப்பது இதனால்தான்.

மணிக்கு 2 கிலோமீற்றரில் 4 அடி ரொட்டவேட்டர், திரும்பும் நேரமும் சேர்த்து, ஒரு ஏக்கரை ஒருமுறை உழ இரண்டேகால் முதல் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். உங்கள் காணியில் வரிசைக்கு நடுவே உள்ள பாதி நிலம்தான் உழவுக்கு வருகிறது.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய சின்ன ட்ரக்டர் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். பி.டி.ஓ. லீவரில் 1, 2, 3 என்று மூன்று இடம் இருக்கிறது. இதற்கு இந்திய ரொட்டவேட்டர் பூட்டலாமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: பூட்டலாம். நான்கு இடங்களை அளந்த பிறகு.

முதலாவது வேகம். இந்திய ரொட்டவேட்டரில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 540 சுற்றுக்கென்று செய்யப்பட்டவை. உங்கள் வண்டியில் 1 என்பதுதான் ஏறக்குறைய 540. 2, 3 அதைவிட வேகம். கத்தி அச்சு 540 இல் நிமிடத்துக்கு 200 முறை சுற்றுகிறதென்று வையுங்கள். பி.டி.ஓ. 1000 ஆனால் அது 370 ஆகும். கியர்பொக்ஸ் கொதிக்கும், ஒயில் சீல் போகும், ஒரு கல் பட்டால் கத்தியும் போகும். அதிர்வில்லாமல் நன்றாக வெட்டுகிறதே என்று 2 இல் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த நன்மை ஒரு போகத்துக்குக்கூட நிற்காது. விற்பவரின் சொல்லை நம்பாமல் ஒளியால் அளக்கும் சுற்றுமானி ஒன்றை இரவல் வாங்கி, சாஃப்டில் பளபளப்பு ஒட்டியைத் துண்டாக ஒட்டி, லீவர் 1 இல் 540 வரும்போது என்ஜின் சுற்று எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வயலில் அந்த இடத்திலேயே கைத்திறப்பை வைத்து ஓட்டவேண்டும்.

இரண்டாவது சாஃப்டின் பல். 6 பல்லு, விட்டம் 35 மில்லிமீற்றர், அதாவது 1 3/8 அங்குலம், என்பதுதான் வழக்கம். அதுவென்றால் கவலையில்லை.

மூன்றாவது, ரொட்டவேட்டரை ட்ரக்டரின் கைகளில் மாட்டும் ஊசி. சின்ன ட்ரக்டர்களில் வகை 1 என்ற அளவுதான் பெரும்பாலும் வரும்: கீழ் ஊசி 22 மில்லிமீற்றர், டொப் லிங்க் (மேல் கை) ஊசி 19. மிகச் சிறிய வண்டிகளில் 16 மில்லிமீற்றர் ஊசியும் இருக்கும். பெரிய ட்ரக்டருக்கான ரொட்டவேட்டரில் கீழே 28, மேலே 25. பெரிய ஓட்டைக்குப் புஷ் போட்டுச் சின்ன ஊசி பூட்டலாம். ஆனால் 28 கேட்கும் ரொட்டவேட்டர் உங்கள் வண்டிக்குப் பாரமானது என்பதற்கு அந்த ஓட்டையே அடையாளம்.

நான்காவது இணைப்பு சாஃப்டின் நீளம். இதில் நடக்கும் சேதத்துக்குக் குறைவில்லை. புது ரொட்டவேட்டரோடு வரும் சாஃப்ட் பெரிய ட்ரக்டரையும் மனதில் வைத்து நீளமாக அனுப்பப்படுவது. சின்ன வண்டியில் அதை அப்படியே பூட்டித் தூக்கினால் உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் முட்டி, பி.டி.ஓ. பேரிங்கையும் கியர்பொக்ஸ் வாயையும் நெருக்கும். ஒருநாள் வார்ப்பு வெடிக்கும்.

வெட்டுவது இப்படி. சாஃப்டைப் பிரித்து ஒரு பாதியை ட்ரக்டரிலும் மறுபாதியை ரொட்டவேட்டரிலும் மாட்டுங்கள். என்ஜினை நிறுத்தி, ரொட்டவேட்டருக்கு அடியில் முட்டு வைத்து, எந்த உயரத்தில் இரண்டு முனைகளும் ஆகக் கிட்ட வருகின்றன என்று பாருங்கள். அந்த உயரத்தில் இரண்டு பாதியையும் பக்கத்துப் பக்கமாகப் பிடித்து, ஒன்றின் நுனி மற்றதன் அடியை முட்டுவதற்கு ஒரு அங்குலம் முன்னே நிற்கும்படி குறியுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்ரிக் உறை என நான்கையும் ஒரே அளவு வெட்டவேண்டும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, தூள் துடைத்து, கிறீஸ் பூசிச் செருகுங்கள். பிறகு ஆக நீளும் நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கேயும் ஒன்றுக்குள் ஒன்று 6 அங்குலமாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த சாஃப்ட் உங்களுக்கு ஆகாது. திரும்பச் செருகும்போது இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே கோட்டில் நிற்கட்டும். ஒன்று குறுக்கே திரும்பியிருந்தால் வண்டி முழுவதும் உதறும்.

வண்டி தன் சொந்த ஜப்பான் ரொட்டரியோடு வருகிறதென்றால் அதை விட்டுவிடாதீர்கள். அகலமும் வேகமும் அந்த வண்டிக்கென்றே அளந்தவை. இடைஞ்சல் கத்தியில்தான். ஜப்பான் ரொட்டரி பலவற்றில் கத்தி ஒரு சொக்கெட்டில் செருகி ஒற்றை போல்ட்டில் நிற்கும். இந்திய ரொட்டவேட்டரில் வட்டத் தகட்டில் இரண்டு போல்ட். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. கத்தி வாங்க உதிரிப்பாகக் கடைகளுள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய கத்தியில் இடது ஒன்று, வலது ஒன்று கையில் கொண்டுபோங்கள். படத்தைக் காட்டி வாங்கினால் ஓட்டைத் தூரம் பிழைக்கும்.

கேள்வி: அவிசாவளைப் பக்கம் ஒரு ஏக்கர். மேலே மண், கீழே கபுக் கல் (செம்பூறாங்கல்), இடையிடையே பழைய றப்பர் வேர். செயின் ரொட்டவேட்டரா, கியர் ரொட்டவேட்டரா? எதிர்ப்பக்கம் சுழலும் மாதிரி ஆழமாக உழும் என்கிறார்களே?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: உங்கள் நிலத்துக்கு எதிர்ச்சுழற்சி வேண்டாம். கத்தி ட்ரக்டர் டயர் சுற்றும் திசையிலேயே சுற்றினால் கல்லில் ஏறிக் குதித்துப் போய்விடும். எதிர்த் திசையில் சுற்றுவது கல்லை அடியிலிருந்து மேலே அள்ளிக் கத்திக்கும் மூடிக்கும் நடுவே கொண்டுவந்து இறுக்கும். அந்த மாதிரி ஆழம் போவதும் புல்லையும் சிறு கல்லையும் கீழே புதைப்பதும் உண்மை. துப்புரவான பாத்தி நிலத்தில் அருமையான வேலை செய்யும், கொஞ்சம் கூடுதல் வலுவும் கேட்கும். கபுக்கிலும் வேரிலும் அது செலவு.

கத்தி அச்சைப் பக்கத்திலிருந்து சுழற்றுவது செயினா கியரா என்பதில் இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. செயின் மலிவு, பாரம் குறைவு, அறுந்தாலும் மாற்றுவது சுலபம். ஆனால் இறுக்கம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தளர்ந்த செயின் பல்லைத் தின்னும். கியர் வருடக்கணக்காகக் கேள்வி கேட்காமல் ஓடும், ஒரு பல் உடைந்தால் மட்டும் பை காலியாகும். காணிக்குப் பக்கத்தில் நீங்கள் இல்லை, ஓட்டுபவர் வேறொருவர் என்றால் எங்கள் தெரிவு கியர்தான். ஒவ்வொரு முறையும் செயின் பார்ப்பாரென்று எதிர்பார்க்க முடியாது.

அதைவிடப் பெரிய விடயம் பாதுகாப்பு. வேரில் கத்தி திடீரென்று நின்றால் அந்த அதிர்ச்சி எங்கேயாவது போயாகவேண்டும். சாஃப்டில் வெட்டுப்படும் போல்ட் இருந்தால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும். வழுக்கும் கிளச் இருந்தால் தட்டு வழுக்கிவிட்டுத் திரும்பப் பிடிக்கும். வேர் நிறைந்த நிலத்தில் பத்து நிமிடத்துக்கொரு போல்ட் மாற்ற யாருக்கும் பொறுமை வராது. பொறுமை போனதும் உயர்பலப் போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்குவார்கள், அடுத்து அறுவது கியர்பொக்ஸ். ஆகவே வழுக்கும் கிளச்சுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். போல்ட் வகைதான் கிடைத்தது என்றால் கைநூலில் சொன்ன அதே தரத்தில் பத்துப் பன்னிரண்டு வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

விரல் மொத்தத்துக்கு மேற்பட்ட வேரை முதலில் பல்லுக் கலப்பையால் இழுத்து, ஆள் விட்டுப் பொறுக்குங்கள். ரொட்டவேட்டர் வேர் பிடுங்கும் கருவி அல்ல.

கேள்வி: வவுனியாவில் புது 4 அடி ரொட்டவேட்டர் பூட்டி ஓட்டினோம். மண் முழுக்கக் கட்டி. சில இடத்தில் தரையில் வழுக்கிக்கொண்டே போகிறது. கத்தி சரியில்லையா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: கத்தியைக் குற்றம் சொல்வதற்கு முன் மண்ணைப் பாருங்கள். வவுனியாவின் செங்கபில மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. உழக்கூடிய ஈரம் இரண்டுக்கும் நடுவே சில நாட்கள்தான் நிற்கும். நான்கு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லையென்றால் மழைக்குப் பொறுங்கள். தட்டியும் உதிராமல் களியாக ஒட்டினால் ஒன்றிரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தில் உழுத கட்டி வெயிலில் செங்கல்லாகிவிடும்.

ஈரம் சரியாக இருந்தும் கட்டி வந்தால் வேகம். வட்டத் தகடு ஒன்றுக்கு 6 கத்தி, அதாவது பக்கத்துக்கு 3, அச்சு 200 சுற்று என்றால், மணிக்கு 2 கிலோமீற்றரில் ஒவ்வொரு கத்தியும் வெட்டும் துண்டு 5.6 சென்ரிமீற்றர். 4 கிலோமீற்றரில் 11. தகட்டுக்கு 4 கத்திதான் என்றால் 2 கிலோமீற்றரிலேயே 8 சென்ரிமீற்றர் தாண்டும். வாங்கும்போது கத்தியை எண்ணச் சொல்வது இதற்காகத்தான். பின் மூடியையும் கவனியுங்கள். அது மேலே தூக்கிக் கட்டியிருந்தால் மண் உடையாமல் பறந்து போகும். இறக்கிவிட்டால் கட்டி மூடியில் அடிபட்டு நொறுங்கும், வலு கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் ஆழம் போகப் பார்ப்பது. இறுகிய நிலத்தில் பக்கச் சறுக்குத் தகட்டை இறக்கி முதல் ஓட்டம் இரண்டு அங்குலம், பிறகு தகட்டை உயர்த்தி இரண்டாவது ஓட்டம் ஐந்து அங்குலம். முன்சுழற்சி ரொட்டவேட்டர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். கத்தி மண்ணுக்குள் இறங்காத இடத்தில் அந்தத் தள்ளல் வண்டியை ஓடவைக்கும், ஓட்டுபவர் அதை வழுக்கல் என்பார். டொப் லிங்கைத் திருகி கியர்பொக்ஸ் மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் கத்தி. புதிதென்பதால் தேய்ந்திருக்காது, ஆனால் இடது வலது மாறிப் பூட்டியிருக்கலாம். அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். கூரான விளிம்புதான் முதலில் மண்ணில் படவேண்டும், கத்திகள் அச்சு நெடுக முறுக்குச் சுருள்போல ஒன்றன்பின் ஒன்றாக இறங்கவேண்டும். இரண்டு மூன்று கத்தி ஒரே நேரத்தில் தரையில் அடித்தால் ரொட்டவேட்டர் குதிக்கும். முதல் இரண்டு மணித்தியாலம் ஓடியதும் கத்திப் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள், புதிதில் கட்டாயம் தளரும்.

ஒவ்வொரு போகமும் ரொட்டவேட்டர் மட்டுமே அடித்தால் ஐந்து அங்குலத்துக்குக் கீழே மண் தகடுபோல இறுகும், தண்ணீர் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பல்லுக் கலப்பையை ஆழமாக விட்டு அதை உடையுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் வயலுக்கு ஓட்டுகிறோம். கத்தி அச்சின் ஓரத்தில் ஒயில் சீல் திரும்பத் திரும்பப் போகிறது. மலிவான சீலா காரணம்?
– வத்தளை வாசகர்

பதில்: சீல் அல்ல, கயிறு. உர பையின் நைலோன் நூல், வேலிக் கம்பி, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, நீளமான வைக்கோல் எல்லாம் அச்சின் ஓரத்துக்குத்தான் போய்ச் சுற்றும். இறுகி இறுகி சீலின் உதட்டை வெட்டும். அந்த வழியால் ஒயில் வெளியே, சேறு உள்ளே. கியர் இல்லாத பக்கத்துப் பேரிங் முதலில் கரகரக்கும். சேற்று உழவில் இது நாளைக்கு ஒருமுறை பார்க்கவேண்டிய இடம். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, முட்டு வைத்த பிறகுதான் வெட்டி எடுக்கவேண்டும். சாரம் கட்டிக்கொண்டு ஓடும் சாஃப்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. சாஃப்டின் பிளாஸ்ரிக் உறை உடைந்தால் அன்றே மாற்றுங்கள். 540 சுற்று என்றால் ஒரு செக்கனில் 9 சுற்று, துணி நுனி பிடிபட்டால் கத்துவதற்குக்கூட நேரம் இராது.

சீல் மாற்றும்போது அது உட்காரும் அச்சில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது, அச்சுக்கு வளையம் போடவேண்டும். கொழும்பில் வாங்குவதென்றால் சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் மில்லிமீற்றரிலும், பேரிங்கின் மேல் பொறித்த எண்ணையும் எழுதி வாருங்கள். மாதிரிப் பெயரைவிட இந்த எண்கள்தான் கடையில் செல்லும். கியர்பொக்ஸுக்கு 90 இலக்க கியர் ஒயில், சாஃப்டின் குறுக்கு மூட்டுக்கு 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிறீஸ்.

கேள்வி: ஹோமாகமவில் 30 பேர்ச்சஸ். மரக்கறி போட சின்ன ட்ரக்டரும் ரொட்டவேட்டரும் எடுக்கலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: வேண்டாம். 30 பேர்ச்சஸ் என்பது 3 பரப்பு. ட்ரக்டர் திரும்பவே ஓரங்கள் போய்விடும். கூலிக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர ட்ரக்டர்) பிடித்தால் அரை நாள் வேலை.

கேள்வி: வழுக்கும் கிளச் உள்ள ரொட்டவேட்டர் எட்டு மாதம் கொட்டிலில் நின்றது. அப்படியே பூட்டி ஓட்டலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஓட்டாதீர்கள். ஈரக்காற்றில் தட்டுகள் துருவேறி ஒட்டியிருக்கும். ஒட்டிய கிளச் வழுக்காது, கிளச் இல்லாததற்குச் சமம். முதலில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். தட்டுகளின் விளிம்புக்குக் குறுக்கே சோக்கால் ஒரு நேர்கோடு போடுங்கள். நட்டுகளை ஒரே அளவாக இரண்டு சுற்றுத் தளர்த்தி, கத்தி மண்ணில் ஊன்றி நிற்க, குறைந்த திறப்பில் பி.டி.ஓ.வை இரண்டு மூன்று செக்கன் மட்டும் போட்டு நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள். எல்லாத் தட்டிலும் கோடு விலகியிருந்தால் கிளச் விடுபட்டுவிட்டது. ஏதாவது இரண்டு தட்டில் மட்டும் கோடு சேர்ந்தே நின்றால் அவை ஒட்டியிருக்கின்றன, கழற்றித் துருவைத் தேய்த்துத்தான் பூட்டவேண்டும். முடிந்ததும் ஸ்பிரிங்குகளை எழுதி வைத்த அதே நீளத்துக்கு இறுக்குங்கள். வழுக்குகிறதே என்று அதற்குமேல் ஒரு சுற்றுக்கூடத் திருகவேண்டாம்.